மாடி இல்லாத மாடி வீட்டுக்கு வந்த வரி

என் தங்கத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது,

இதை எழுத உட்காரும் இந்த நேரத்தில் நம் வீட்டுக் கூடத்தில் இருப்பவர்கள் நான், உன் அப்பா, உன் அத்தை, எதிர்க்கடைத் தையல்காரர், ஆக நான்கு பேர். பூனையைச் சேர்க்கவில்லை, அது வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பதால் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. இந்த நால்வரில் தையல்காரர் விருந்தாளி, அவரைக் கழித்தால் வீட்டோடு இருப்பவர்கள் மூன்று பேர். ஆனால் வரி அலுவலகத்துக் கணக்குப்படி இந்த வீட்டில் குடியிருப்பவர்கள் நான்கு பேர். அந்த நான்காவது ஆள் யார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. எல்லோரும் ஆண்டவன் அருளால் சுகமாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது அவராகத் தேடிக்கொண்டது, பின்னால் எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்திக் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் சாமி முன்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று நாலு வார்த்தை திருத்துவார், அத்தை "யாரு, யாரு" என்பார், கடைசியில் மூன்று பேரும் மாறி மாறி "சாப்பிட்டியா" என்று உன்னைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். இந்த விஷயத்தை யாரும் குறுக்கே வராமல் முதலிலிருந்து கடைசி வரை சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

வீட்டு வரி நோட்டீஸ் வந்ததம்மா. எப்போதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு வரும், நான் போய்க் கட்டிவிட்டு ரசீதைக் கம்பியில் குத்திவைப்பேன், அவ்வளவுதான். இந்தத் தடவை வந்தது மூன்று பக்கம். போன வருஷம் கட்டியதைப் போல மூன்று மடங்கு கேட்டிருந்தார்கள். கூட்டல் பிழையாக இருக்கும் என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அவர்கள் கூட்டல் சரிதான், கூட்டலுக்கு மேலே எழுதியிருந்ததுதான் கோணல். என்ன எழுதியிருந்தது தெரியுமா, எழுத்துக்கு எழுத்து அப்படியே தருகிறேன். "தரைத்தளமும் மேல்தளமும் உள்ள வீடு. மேல்தளத்தில் நாற்பது பேருக்கு இடம் உண்டு. மேல்தளம் வாடகைக்கு விடப்பட்டுள்ளது. மேல்தளக் குடியிருப்பாளர் பெயர்: கடவுள். உரிமையாளருக்கு உறவு: குடும்ப உறுப்பினர் அல்லர்." நான் அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மடங்கு என்றதுகூட எனக்கு அப்புறம்தான் உறைத்தது. குடும்ப உறுப்பினர் அல்லராம்! கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை எழுப்பி, அவருக்கு விளக்கேற்றி, அவரிடம் சொல்லாமல் ஒரு கடுகு வாங்கியிருப்பேனா நான். உன் அத்தை "என்ன தாள் அது" என்று கேட்டார். "சொத்து வரி, அண்ணி" என்று காதோரம் கத்தினேன். "சொத்தைப் பல்லுக்கெல்லாமா வரி போடுறாங்க? அப்போ என் வாய்க்குத் தனியா ஒரு ஆபீசே திறக்கணுமே" என்று சொல்லிவிட்டு வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டார். அன்று முழுவதும் திறக்கவில்லை, அந்த வகையில் நோட்டீசால் ஒரு நன்மையும் உண்டு.

இப்போது உனக்கு ஒன்று சொல்லவேண்டும், திடீரென்று வந்து நிற்கலாம் என்று மறைத்து வைத்திருந்தேன். சமையலறை மேல்தட்டில், யாரும் தொடாத அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவில், உன்னிடம் வந்து போக டிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். ஏறக்குறைய நிறைந்துவிட்டது. பேத்தி போனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் மூக்கைத் தொட விரலை நீட்டுகிறாள், விரல் கண்ணாடியில் முட்டுகிறது, "ங்ஙே" என்று உன்னைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் குழந்தைக்கு நான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஒரு மூக்கு, அவ்வளவுதான். அவள் ஓட ஆரம்பிப்பதற்குள் ஒரு தடவையாவது இடுப்பில் வைத்துக்கொள்ளவேண்டும், ஓட ஆரம்பித்துவிட்டால் எந்தப் பிள்ளை இடுப்பில் இருக்கும். நோட்டீஸில் கேட்ட பணமும் டப்பாவில் இருந்த பணமும் ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்தின, யாரோ டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போய் நோட்டீஸ் எழுதியதுபோல. உன் அப்பாவும் டப்பாவைத்தான் பார்த்தார். ஆனால் வரி கட்ட இல்லை. "கட்டாத மாடிக்கு எதுக்கு வரி கட்டணும்? அந்தக் காசுல மாடியையே கட்டிட்டா வரி கட்டுறதுல ஒரு நியாயம் இருக்கும்ல?" என்றார். அவர் சொன்னதில் அவருக்கே அவ்வளவு சந்தோஷம், எழுந்து நின்று கூரையை அண்ணாந்து பார்த்து எங்கே ஜன்னல் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று கேள். வீட்டை அளக்க ஆள் வந்த அன்று நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கே நான் "வீட்டைப் பாத்துக்கோ சாமி" என்று வேண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இங்கே உன் அப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அளவுக்காரர், கையில் டேப், காதில் பேனா, யார் எதைச் சொன்னாலும் உடனே எழுதிக்கொள்கிற ஜாதி. "மாடி வீடுதானே சார்?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பட்டம் உண்டா. "மாடி வீடேதான். தெருவுல யாரை வேணா கேளுங்க" என்றிருக்கிறார். உனக்குத் தெரியாததா, உன் தாத்தா மாடி கட்டப்போகிறேன் என்று முதலில் படிக்கட்டைக் கட்டினார், படிக்கட்டு முடிந்ததும் கையிருப்பும் முடிந்தது, அந்தக் காலத்தில் இந்தத் தெருவிலேயே படிக்கட்டு உள்ள வீடு இது ஒன்றுதான் என்பதால் மாடி வீடு என்று பெயர் நின்றுவிட்டது. படியேறிப் போனால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும்தான். இப்போது எதிர்வரிசையில் மூன்று மாடி வைத்துக் கட்டியவர்களைக்கூட யாரும் மாடி வீட்டுக்காரர் என்பதில்லை, நம்மைத்தான் சொல்கிறார்கள், உன் அப்பாவும் அதை விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்து அளவுக்காரர் "மேல இடம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். ஆயுசு முழுவதும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது. இடம் இருக்கா என்று யார் கேட்டாலும் அவர் வாயில் ஒரே பதில்தானே வரும். "தாராளமா இருக்கு, நாப்பது பேரு நிக்கலாம், கொஞ்சம் நெருங்கி நின்னா இன்னும் பத்து பேரு ஏறலாம்" என்றிருக்கிறார். மூன்றாவது கேள்விதான் நம்மைக் கவிழ்த்தது. "மேல யாரு இருக்காங்க?" இதை உன் அப்பா என்னவென்று எடுத்துக்கொண்டார் தெரியுமா, வயசான காலத்தில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று பரிவோடு கேட்பதாக நினைத்துவிட்டார். கண் கலங்கிப்போய், "ஒரே பொண்ணு, அதுவும் கடல் தாண்டிப் போயிடுச்சு. மேல இருக்கிற கடவுள்தான் எங்களுக்கு" என்றிருக்கிறார். அளவுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதியிருக்கிறார், "உறவா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், உன் அப்பா பெருமூச்சு விட்டு, "உறவு எதுவும் இல்லீங்க, ஆனா எல்லாம் அவருதான்" என்றிருக்கிறார். ஒரு தாளில் கையெழுத்தும் போட்டு, தண்ணீரும் கொடுத்து, "ரைட், போலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் திரும்பி வந்ததும், "ரொம்ப நல்ல பையன் ஒருத்தன் வந்தான், நம்மளப் பத்தி அவ்வளவு அக்கறையா விசாரிச்சான்" என்று என்னிடம் சொன்னதுதான் இதில் உச்சம்.

மேல்முறையீடு செய்யலாம் என்று நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. "மேல்முறையீடுன்னா மேல இருக்கிறவர்கிட்டயே போய் முறையிடுறதா? அதைத்தான் தெனமும் செய்யறியே" என்றார் உன் அத்தை. அவருக்குக் காது கேட்காது என்பதை நான் நம்புவதை விட்டு ரொம்ப நாளாகிறது. நானே உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதினேன், நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான் என்றாலும் உன் பாடப்புத்தகங்களை உன்னோடு சேர்ந்து படித்தவள் அல்லவா, ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்து நன்றியுடன் என்பது வரை ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதோடு சேர்க்கவேண்டிய படிவத்தில்தான் ஒரே ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது. "மேலே யாரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்" என்று அச்சடித்து, அதன் கீழே கையெழுத்துப் போடக் கோடு போட்டிருந்தது. எனக்குக் கை வரவில்லையம்மா. நீ சிரிப்பாய் என்று தெரியும். ஆனால் மேலே யாரும் இல்லை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன், அதுவும் உறுதி கூறி. உன் அப்பா "மாடியைத்தானே கேக்கறாங்க, வானத்தையா கேக்கறாங்க" என்று குதித்தார். மாடியில் சுவர் இருந்தால் அது மாடி, சுவரும் இல்லை கூரையும் இல்லை, அப்புறம் எங்கே மாடி முடிகிறது எங்கே வானம் ஆரம்பிக்கிறது, நீங்களே கோடு போட்டுக் காட்டுங்கள் என்றேன். அந்த இடத்தை வெறுமனே விட்டுக் கொடுத்துவிட்டேன்.

விண்ணப்பத்தோடு வீட்டின் அளவும் இணைக்கவேண்டும் என்றார்கள். எஞ்சினியர் கேட்ட கூலிக்கு டப்பாவின் கால்வாசி போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் எதிர்க்கடைத் தையல்காரர் தாமாக வந்து, "அக்கா, டேப்பு நம்ம கழுத்துலயே தொங்குது, அளக்கறதுதானே என் பொழப்பு" என்றார். நல்ல மனுஷன், ஒரு வேளை காபிக்கு ஒரு பகல் முழுவதும் அளந்தார். பழக்க தோஷம், சுவரைப் பார்த்து, "கொஞ்சம் நிமிந்து நில்லுங்க" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அளவைத் தம்முடைய பில் புத்தகத்திலேயே எழுதித் தந்தார், அதில் அச்சடித்திருப்பதெல்லாம் உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை, கழுத்துதானே. கூடத்தை மார்பில் எழுதிவிட்டார், சமையலறையை இடுப்பில், நடையைக் கழுத்தில், படிக்கட்டைக் கையில். கீழே "டெலிவரி வெள்ளிக்கிழமை" என்றும் இருந்தது. அதை நானும் கவனிக்காமல் பின் குத்தி விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டேன்.

விசாரணைக்கு நாங்கள் நால்வரும் போனோம். வரி அலுவலகம் பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நீளமான அறை, ஃபேன் சுற்றும்போது மேசை மேல் உள்ள தாளெல்லாம் எழுந்து உட்காரும், ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல், ஒரு கட்டின் மேல் யாருடைய பூட்டோ. அதிகாரி ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர் போல முகம். பக்கத்தில் அந்த அளவுக்காரர், உன் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார், உன் அப்பா அவரிடம் "உக்காரு, உக்காரு, இடம் இருக்கு" என்றார். அதிகாரி அம்மா முதலில் தையல்காரரின் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வீடா, சட்டையா?" என்று கேட்டார். தையல்காரர் எழுந்து, "வீடுதான் மேடம். எதுக்கும் இருக்கட்டும்னு தையலுக்கு ரெண்டு இன்ச் சுத்தி விட்டுத்தான் போட்டிருக்கேன்" என்றார். அதாவது ஒவ்வொரு சுவரிலும் இரண்டு அங்குலம் கூட்டி வைத்திருக்கிறார்! அரசாங்கம் எழுதியதைவிட எங்கள் அளவில் வீடு பெரிதாகிவிட்டது. அளவுக்காரர் உடனே அதையும் குறித்துக்கொண்டார். அடுத்து முகவரிக்குச் சான்று கேட்டார்கள். ரேஷன் அட்டையும் மின்சார பில்லும் என் பையில் தயாராக இருக்க, உன் அப்பா சட்டைப்பையிலிருந்து நீ அனுப்பிய கடிதத்தின் உறையை எடுத்து மேசையில் வைத்தார், வெளிநாட்டு ஸ்டாம்பை நாலு பேர் பார்க்கவேண்டும் அவருக்கு. அந்த அம்மா அதைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார், "மாடி வீடு." பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "உங்க பொண்ணே எழுதியிருக்கே. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" கண்ணே, உன் மேல் தப்பில்லை, நீ பிறந்ததிலிருந்து கேட்டதை எழுதினாய், ஆனால் அந்த நிமிஷம் பிஸ்கட் டப்பா காலியாகிற சத்தம் என் காதில் விழுந்தது.

கடைசியாக அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இந்த இடத்துல கையெழுத்து இல்லாம விட்டிருக்கீங்க. மேல யாரும் இல்லைன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா வாடகை வரியை இப்பவே எடுத்துடறேன், பாதி விஷயம் முடிஞ்சுது" என்றார். பேனாவையும் திறந்து நீட்டினார். உன் அப்பா என் முதுகுக்குப் பின்னால், "போடு, போடு" என்று மூச்சு விட்டார். உன் அத்தை என் முழங்கையைக் கிள்ளினார், இன்னும் நீலமாக இருக்கிறது. பேத்தியின் விரல் கண் முன்னால் வந்தது. பேனாவை வாங்கிவிட்டேன், தாளில் வைத்தும்விட்டேன். ஆனால் எழுதவில்லை, மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அப்போ மேல ஆள் இருக்காங்களா?" என்றார். "இருக்கார் மேடம்" என்றேன். "வாடகை எவ்வளவு குடுக்கறார்?" என்றார். "நாங்க சாப்பிடறது உடுத்தறது எல்லாமே அவர் குடுக்கறதுதான் மேடம்" என்றேன். அளவுக்காரர் குனிந்து, வாயால் சொல்லிக்கொண்டே, "வாடகை, எல்லாமே" என்று எழுதினார். உன் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார், அதிலும் இடம் விட்டு ஓரமாகத்தான் உட்கார்ந்தார். அந்த அம்மா அளவுக்காரரின் தாளை வாங்கிப் படித்தார், நோட்டீஸைப் படித்தார், குடியிருப்பாளர் பெயர் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. அப்புறம், "நானே வந்து பாக்கறேன்" என்றார்.

வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் நான் என்ன செய்தேன், மாடியைப் பெருக்கி, கொடியில் துணியை நிறையக் காயப்போட்டு, இது துணி காய்கிற இடம் என்று பார்த்த உடனே தெரிகிற மாதிரி வைத்தேன். பிறகு குளிக்கப் போனேன். அந்தச் சமயத்தில் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, பெரிய அதிகாரி வெயிலில் நிற்கக்கூடாதே என்று நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டி, கீழே ஜமக்காளம் விரித்து, இரண்டு நாற்காலி போட்டு, ஒரு மேசையும் ஏற்றிவிட்டார். முழங்கால் போனது இதில்தான். நான் ஈரத்தலையோடு மேலே ஏறிப் பார்க்கும்போது அங்கே நிஜமாகவே ஒரு மாடி இருந்தது. "என்னங்க இது!" என்றேன். "நிழலு" என்றார். அவிழ்க்கச் சொல்வதற்குள் வாசலில் ஜீப் சத்தம்.

அந்த அம்மா படியேறி வந்தார், பின்னாலேயே அளவுக்காரர், அவருக்குப் பின்னால் அழைக்காமலே தையல்காரர். "இது என்ன?" என்றார் அதிகாரி. "உங்களுக்காகத்தான் மேடம், சும்மா நிழலுக்கு. ஏறி வாங்க, நல்லா இடம் இருக்கு" என்றார் உன் அப்பா. அளவுக்காரர், "மேற்கூரை உண்டு, தளவாடங்கள் உண்டு" என்று எழுதியபடி டேப்பை இழுத்துக்கொண்டு போனார். பேசி என்ன ஆகப்போகிறது. கண்ணை மூடிக்கொண்டு, மேலே இருக்கிறவரைத்தான் கேட்டேன், உன்னை இல்லை என்று எழுதித் தராமல் வந்தேனே, இப்போது நீயாவது இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். சொன்னால் நம்பமாட்டாய், நான் கண்ணைத் திறப்பதற்குள் ஒரு காற்று வந்தது பார், எங்கிருந்துதான் வந்ததோ, தார்ப்பாய் ஒரு தடவை மூச்சை இழுத்து உப்பியது, மூங்கில் நாலும் பட் பட் பட்டென்று போக, அப்படியே எழும்பித் தெருவைத் தாண்டிப் போய்த் தையல்காரர் கடை மேல் உட்கார்ந்தது. என் உள்பாவாடை ஒன்றும் கூடவே போயிற்று, அதை இன்னும் அவர் கூரையிலிருந்து எடுக்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அளவுக்காரர் மேல் ஈர லுங்கி ஒன்று விழுந்து போர்த்திக்கொண்டது. அவர் அதற்குள்ளேயிருந்து, "மேற்கூரை இல்லை" என்று சொல்லி எழுதிக்கொண்டார். அதிகாரி அம்மா நெற்றியில் கையைக் குடையாகப் பிடித்து அண்ணாந்து பார்த்தார். வெறும் வானம். "உங்க ஆளு வேகமாத்தான் காலி பண்றார்" என்றார். வீட்டில் பூட்டிவைத்த சிரிப்பு அன்றைக்கு எப்படியோ அவர் பின்னாலேயே வந்துவிட்டிருந்தது, அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அதோடு முடிந்தது என்று நினைக்காதே. தீர்ப்பு வந்தது, மேல்தளம் இல்லை, பழைய வரியே, எல்லாம் சரி. ஆனால் கடைசி வரியைப் பார்த்தால், "மேல்தளக் குடியிருப்பாளர் கடவுள் வீட்டைக் காலி செய்துவிட்டார்" என்று இருக்கிறது. இதைப் பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் வரி குறையும். உன் அப்பா என் காலில் விழாத குறை. "ஒரு தாள்ல எழுதினா அவரு போயிடுவாரா?" என்றார். தாளில் எழுதியதுதானே இத்தனையும் என்றேன். டப்பாவை ஒரு கையிலும் தீர்ப்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அந்த அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் என்னம்மா பண்ணுவேன், கம்ப்யூட்டர்ல ஒருத்தர் பேர் ஏறிட்டா சும்மா எடுக்க விடாது, காரணம் கேக்குது" என்று திரையை என் பக்கம் திருப்பினார். மூன்றே காரணம்தான் இருந்தது. காலி செய்தார். காலமானார். தரைத்தளத்துக்கு மாறினார். இரண்டாவதைப் படித்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அந்த அம்மாவும் தம்மை அறியாமல் போட்டுக்கொண்டார். "மூணாவதை அழுத்துங்க மேடம்" என்றேன். அழுத்தினார். உடனே அது இன்னொரு கேள்வி கேட்டது, தரைத்தளத்தில் இருந்தால் வாடகைக்கா, குடும்ப உறுப்பினரா என்று. அந்த அம்மா என்னைப் பார்த்தார். என்னைக் கேட்காமலே இரண்டாவதை அழுத்தினார். இப்போது நம் வீட்டு வரிப் பதிவில் உன் அப்பா பெயர், என் பெயர், உன் அத்தை பெயர், அதற்குக் கீழே அவர் பெயர், எதிரே "குடும்ப உறுப்பினர்". முதல் பத்தியில் சொன்ன நான்காவது ஆள் இவர்தான். நான் நாலு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன், என் ஆயுளில் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆகவே டப்பா பத்திரமாக இருக்கிறது. உன் அப்பாவுக்கு மாடி போனதில் வருத்தம்தான், ஆனால் நேற்று யாரோ வழி கேட்டபோது, "நேரா போங்க, அந்த மாடி வீட்டுக்குப் பக்கத்துல" என்று நம் வாசலில் நின்றுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார், ஆறிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நான் உன்னிடம் வந்தால் இவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இனி எனக்குக் கவலை இல்லை, பார்த்துக்கொள்ள அரசாங்கப் பதிவோடு ஒருவர் கீழேயே இறங்கி வந்துவிட்டார். நீ குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். யாராவது வீட்டு வாசலில் வந்து கனிவாக விசாரித்தால் முதலில் கையில் டேப் இருக்கிறதா என்று பார். தையல்காரர் பேத்திக்கு ஒரு கவுன் தைத்துத் தருகிறேன் என்று இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அளவு கேட்டுக்கொண்டிருக்கிறார், உயரம், தோள், கை, கழுத்து மட்டும் அனுப்பு, வீட்டு அளவு வேண்டாம். இரண்டு அங்குலம் அவராகவே விட்டுக்கொள்வார். எந்த மாதம் நான் வந்தால் உனக்குத் தோது என்பதையும் எழுது, பேத்தி ஓட ஆரம்பிப்பதற்கு முந்திய மாதமாக இருந்தால் நல்லது. எல்லா நலமும் பெற்று, குறைவில்லாமல், கண்ணும் மனசும் குளிர நீங்கள் மூவரும் நெடுநாள் இருக்கவேண்டும் என்று, அப்பா, அத்தை, இன்னும் இந்த வீட்டிலிருக்கும் எல்லோர் சார்பிலும்

உன் அம்மா.

பின்குறிப்பு: உறை மேல் முகவரி எழுதும்போது கதவு எண், தெருப் பெயர் இரண்டும் போதும். மாடி வீடு என்று மட்டும் எழுதிவிடாதே, நான் இன்னொரு தடவை அந்த அறைக்குப் போகத் தயாராக இல்லை. சீக்கிரம் பதில் போடு.